நாணயம் ஒன்று, பாகம் நூற்றைம்பது

வரலாற்றுத் தொடர் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குத் துருக்கியின் ‘திரிலிஷ்: எர்துருல்’ தொடரைத் தயங்காமல் சிபாரிசு செய்கிறேன். உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துருல். அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் கொஞ்சம். மகன் வெளியிட்ட நாணயத்தில் தந்தை பெயர் இருக்கிறது. அது போதாதா? 2014 முதல் 2019 வரை 150 பாகங்கள், பாகத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு நாணயத்துக்கு இவ்வளவு வட்டி எந்த வங்கி தரும்?

ஆவணம் அதிகமானால் ஆபத்து. அதே பேரரசின் பிற்காலச் சுல்தான் சுலைமான் கதை 2011இல் தொடராக வந்தது. அவர் அந்தப்புரத்தில் அல்ல, முப்பது ஆண்டுகள் குதிரை மேல் இருந்தவர் என்று அன்றைய பிரதமர் எர்தோவானே கோபித்துக்கொண்டார். எர்துருலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் எங்கே இருந்தார் என்று எவராலும் சாதிக்க முடியாது. ஆகவே தொல்லியல் துறைக்கு என் பணிவான வேண்டுகோள்: தோண்டுவதை நிறுத்துங்கள். புதிதாக ஒரு கல்வெட்டு கிடைத்தால் ஐம்பது பாகமாவது வீணாகும்.

2020இல் ஓர்து நகரில் எர்துருலுக்குச் சிலை வைத்தார்கள். உடனே அகற்றியும் விட்டார்கள். குற்றம்: சிலை அச்சு அசலாகத் தொடரின் நாயகனைப் போலவே இருந்தது. எர்துருலின் காலத்தில் வரைந்த படம் ஒன்றுகூட இல்லையென்றாலும், இது அவர் முகமல்ல என்பதில் மட்டும் எல்லோருக்கும் தெளிவு.

அடுத்த சிலைக்குத் தொடரைப் பார்க்காத சிற்பியாகத் தேடுங்கள். கிடைத்தால், முதல் சிலையை அவருக்கே வையுங்கள்.