ஒரு பானைச் சோறும் 4294967297-ம்

ஏலே பேராண்டி, பத்து இலக்க எண்ணைப் பாத்ததும் சாமி வந்தவன் மாதிரி நிக்கியே, என்ன சங்கதி? 4294967297. எங்க, வாய்விட்டுச் சொல்லு. நானூத்தி இருபத்தொம்பது கோடியே நாப்பத்தொம்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தேழு. மூச்சு வாங்குதா? உக்காரு.

3-ஐ எடு. ஒண்ணைக் கழி. வந்ததை அதாலயே பெருக்கு, ஒண்ணைக் கூட்டு. 5 வரும். அதையே திரும்பச் செய்யி. 17. அப்புறம் 257. அப்புறம் 65537. அஞ்சும் பகா எண்ணு. ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது.

பிரான்சுல ஃபெர்மான்னு ஒருத்தர். துலூஸ் கோர்ட்டுல உத்தியோகம், கணக்குதான் பொழுதுபோக்கு. இந்த அஞ்சையும் நசுக்கிப் பாத்துட்டு, இந்த வரிசையில வாரது அம்புட்டும் பகா எண்ணுதான்னு 1640-ல கடுதாசி எழுதிட்டாரு. நிரூபணம் கையில இல்லன்னும் ஒத்துக்கிட்டாரு. அந்த மட்டுக்கும் நல்ல மனுசன். ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்னு உங்க ஆச்சி சொல்லுவால்லா? இவரு அஞ்சு சோறு பாத்திருக்காரே, போதாதா? போதாதுலே. சோறு ஒரே தண்ணியில, ஒரே தீயில வெந்தது. எண்ணு அப்படியா வேகுது?

ஆறாவது சோறுதான் நீ கொண்டாந்திருக்கிற எண்ணு. 92 வருசம் அது பானையிலயே கெடந்துச்சு. 1732-ல ரஷ்யாவுல, பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ஆய்லர் கடிச்சுப் பாத்தான். அப்ப அவனுக்கு 25 வயசு. நறுக்குன்னுச்சு. கல்லு! 641-ஆல மீதியில்லாம வகுபட்டுட்டு. ஈவு 6700417.

இம்புட்டுப் பெரிய எண்ணுக்கு எத்தனை எண்ணைத்தான் போட்டுப் பாக்கன்னு கேப்ப. கேளு, கேக்கணும். அதை வகுக்குத பகா எண்ணு எதுவானாலும், 64-ஆல வகுத்தா மீதி 1 தான் வரும். அந்த லட்சணத்தோட இருக்கது எதெல்லாம்? 193, 257, 449, 577, அடுத்தது 641. அஞ்சாவது தட்டுல கதவு திறந்துட்டு பாத்தியா! நீ என்னடான்னா, 'செயற்கை நுண்ணறிவுகிட்ட கேட்டேன் தாத்தா, பகா எண்ணுன்னு சொல்லிட்டு'ன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு வார. அது சொன்னா ஆச்சா? ஃபெர்மா சொல்லியே ஆகல.

மிச்சப் பானையா? ஆறாவதுல தொடங்கி வரிசையா 28 எண்ணு பாத்தாச்சு. ஒண்ணுகூட வேகல. அதுக்கு அடுத்தது வெந்துச்சா வேகலையான்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. எழுதிப் பாக்கலாம்னா 258 கோடி இலக்கத்துக்கு மேல வரும். அதுக்குத் தாளு வாங்கவே நம்ம வயக்காட்டை விக்கணும்.

போ, நேத்தைக்குக் கிழிச்ச காலண்டர் தாளை எடு. 6700417-ஐ 641-ஆல பெருக்கு. மூணே வரி. கூட்டுனா கடைசியில 297 வருதான்னு பாத்துட்டு வந்து சாப்பிடு. செல்லை இங்கன வச்சிட்டுப் போ.