ஐயாவின் லொறியும் பெறாமகனின் டிப்பரும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் இலங்கையில் எந்த வாகனமும் தெருவில் இறங்கக் கூடாது. 1990 யூனில் வடக்கில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு எங்கள் ஐயாவின் பெட்போர்ட் லொறி காப்புறுதி இல்லாமல்தான் ஓடியது. டீசல், பெற்றோல், பற்றரி, சீமெந்து, உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் தடை. கடைசியாகக் கட்டிய காப்புறுதித் துண்டு கண்ணாடியில் ஒட்டியபடியே வெயிலில் வெளிறிப் போனது.

மண்ணெண்ணெயில் ஓடிய லொறி அது. தனி மண்ணெண்ணெய் விட்டால் டீசல் பம்பு தேய்ந்துவிடும் என்று ஐயா கொஞ்சம் எண்ணெய் கலப்பார். அளவு கூடினால் புகை, குறைந்தால் பம்பிலிருந்து ஒரு கீச்சுச் சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே எவ்வளவு விடவேண்டும் என்று தீர்மானிப்பார். பற்றரி இல்லாததால் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். வடமராட்சியில் இறக்கம் எங்கே இருக்கிறது? விடியப்புறம் ஒழுங்கைச் சனம்தான் வந்து தள்ளும். உடைந்த சாமானை லேத் பட்டறையில் கடைந்து போட்டோம். மணற்காட்டுப் பக்கம் மண் ஏற்றப் போனால் ஏற்றுவதும் சவளால், பறிப்பதும் சவளால்.

ஒருமுறை ஹெலி சுட்டதில் ரேடியேற்றரும் எண்ணெய்த் தாங்கியும் துளைபட்டன. நெல்லியடியில் இன்னொரு லொறிக்காரர் தன் பழைய ரேடியேற்றரைக் கழற்றித் தந்தார். பட்டறைக்காரர் ஈயம் வைத்து அடைத்தார். கூலியை ஐயா பிறகு மண் பறித்துக் கழித்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது அந்த லொறியும் மழைக்குள் சனத்தை ஏற்றி இறக்கியது. சில்லுப் போனால் யார் தருவது என்று ஐயா யோசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் இதை எழுதவில்லை. லொறி தட்டி ஒருவருடைய கால் போனால், பெரியவர்கள் இருந்து பேசித் தீர்த்த சிறு தொகைதான் அவருக்குக் கிடைத்தது. அந்தக் குடும்பம் அதோடு வாழ்நாள் முழுவதும் சீவிக்க வேண்டியிருந்தது. மூன்றாந்தரப்புக் காப்புறுதி கட்டாயமாக இருப்பது நல்லது. அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

இன்றைக்கு என் பெறாமகன் டிப்பர் ஓட்டுகிறான். லீசிங்கில் எடுத்தது. வற்றாத ஆறில்லாத யாழ் குடாநாட்டுக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து மணலும் கிறவலும் கொண்டுவருகிறான். புல் இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, கனிய அனுமதி என்று எல்லாக் கடதாசியும் ஒரு பிளாஸ்ரிக் பையில் இருக்கிறது. ஐயாவிடம் இல்லாததெல்லாம் அவனிடம் இருக்கிறது. ஆனால் வண்டி படுத்தால் அவன் ஐயாவைவிடத் தனியன்.

போன மாரியில் ஈரமண்ணில் பெட்டியைத் தூக்கியபோது ஒருபக்கப் பின்சில்லு புதைந்தது. ஏற்றிய மண் ஈரத்தில் பெட்டியோடு ஒட்டி இறங்காமல் நின்றது. பாரம் முழுக்க மேலே ஏறி வண்டி சரிந்து கவிழ்ந்தது. சேசிஸ் வளைந்தது, தூக்கும் ஜக்கும் முறிந்தது. அசெசர் வந்து படம் எடுத்தார். ஜக்கின் சீல்கள் ஏற்கெனவே தேய்ந்திருந்தன, அது விபத்தல்ல என்றார்கள் காப்புறுதிக் கொம்பனிக்காரர். பழைய சாமானுக்குப் புதுச்சாமான் போடுவதால் ஒரு கழிவு. அதற்கு மேலே இன்னொரு வெட்டு.

அந்த வெட்டுத்தான் இப்போது எங்கள் பக்கத்து டிப்பர்காரர் பலரின் தலைக்கு மேல் தொங்குகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா சரிந்தது, அந்த யூனில் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனது. பழைய டிப்பர்களின் சந்தை விலையும் சாமான் விலையும் எகிறின. காப்புறுதித் தொகையோ வாங்கிய நாள் எழுதியபடி கிடந்தது, ஏனென்றால் அதைக் கூட்டினால் தவணையும் கூடும். ஒரு கோடி பெறுமதியான வண்டியை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், 5 இலட்ச ரூபா சேதத்துக்கு 3 இலட்சம்தான் என்று விகிதம் பார்க்கும் விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. வண்டி முழுதாகப் போனால்தான் அந்தக் குறை தெரியும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

“பெரியப்பா, காசு கட்டுறது நான். வண்டி முழுசாப் போனா செக் வாறது லீசிங்காரன்ர பேருக்கு” என்றான். உண்மைதான், உரிமைப் புத்தகத்தில் அறுதி உரிமையாளராக அவர்கள்தான் இருக்கிறார்கள். வண்டி கராஜில் நின்ற காலம் முழுக்க லீசிங் தவணை நிற்கவில்லை. ஓடாத நாளின் கூலிக்கு அவனுடைய ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை.

கலவரம், பயங்கரவாதம் என்று தனியாக ஒரு வரி மட்டும் இருந்தது. அதற்கான மேலதிகக் கட்டணத்தைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்காக அறவிடுகிறார்கள். ஹெலி சுட்ட காலத்தில் ஐயாவுக்குக் கிடைக்காத காப்பை, துவக்குச் சத்தம் ஓய்ந்து பல வருசத்துக்குப் பிறகு பேரன் காசு கட்டி வைத்திருக்கிறான். வெள்ளத்துக்கு அவன் சேர்த்திருக்கவில்லை. 2024 நவம்பரில் யாழ்ப்பாணத்தில் முற்றத்து வண்டிகளுக்குள் தண்ணீர் ஏறியதைப் பார்த்த பிறகும் அதை விடுவது சரியில்லை என்று சண்டை பிடித்துச் சேர்க்க வைத்தேன். பெட்டி தூக்கியிருக்கும்போது கவிழ்ந்தால் பொறுப்பேற்பார்களா என்பதையும் இம்முறை வாயால் கேட்டுவிட்டு வராமல் எழுத்தில் வாங்கச் சொன்னேன்.

இப்போது பக்கத்து ஊர் டிப்பர்காரர் சிலர் சேர்ந்து மாதம் ஒரு தொகை போட்டு, வண்டி படுத்தவரின் தவணையை அதிலிருந்து கட்டலாம் என்று பேசுகிறார்கள். நல்ல யோசனை. காப்புறுதிக் கொம்பனிகளிடம் கூட்டாகப் போய் வேலையிழந்த நாளுக்கும் காப்புக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். பெறாமகன் இரண்டுக்கும் ஓம் என்றுவிட்டான். மற்றவர்களில் சிலர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. லீசிங்கும் டீசலும் போக இந்த மாதம் அவர்களிடம் போடக் காசில்லை.