கோல்ஃப் மட்டைகளின் சுமைகூலி: ஒரு சிக்கன ஆய்வு

கோல்ஃப் மட்டைகளை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் குறைந்த செலவில் கொண்டு சேர்ப்பது சுமைகூலி இயலின் ஒரு கிளை. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று இத்துறையின் முதல் விதியை முன்னோர் வகுத்துவிட்டார்கள். அப்படியானால் போகிற ஊரிலேயே மட்டைக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாமே என்று கேட்பவர் கோல்ஃப் ஆடாதவர். இலக்கணப்படி மட்டை அஃறிணை. ஆட்டக்காரர் அதைப் பொத்திப் பொத்தி அனுப்பும் பாங்கைப் பார்த்தால் உயர்திணையில் சேர்ப்பதே பொருத்தம்.

முதலில் சரக்கின் அளவு. ஒரு சுற்றில் ஒருவர் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இந்த வரம்பை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1938-இலும், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ‘ஆர் அண்ட் ஏ’ கோல்ஃப் மன்றம் 1939-இலும் கொண்டுவந்தன. அதற்கு முன் இருபதுக்கும் மேல் சுமந்தவர்கள் உண்டு. சுமந்தவர்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, சுமந்தது கேடி எனப்படும் பைதூக்கி உதவியாளர். பதினான்கும் சேர்ந்து ஏறத்தாழ 6 கிலோ. பை, பந்துகள், காலணி, பயண உறை எல்லாம் கூட்டினால் 13 கிலோ அளவில் வந்து நிற்கும். ஆனால் டிரைவர் எனப்படும் பெரிய மட்டை மட்டும் சுமார் 45 அங்குல நீளம். எடையில் சாதுவான இச்சரக்கு நீளத்தில் முரடு. செலவெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

அமெரிக்காவிலிருந்து ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் யாத்திரை போகிறவரை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்கள் பலவும் கோல்ஃப் பையைச் சாதாரணப் பெட்டியாகவே கணக்கிட்டு, நீளத்துக்கான தனிக் கட்டணத்தை விட்டுவிடுகின்றன. எடை 23 கிலோவைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். ஐரோப்பாவின் மலிவுக் கட்டண விமானங்களில் இந்தத் தாட்சண்யம் கிடையாது. அங்கே விளையாட்டுச் சாமானுக்குத் தனிக் கட்டணம். அதிலும் முன்பதிவில் ஒரு விலை, விமான நிலையத்தில் வேறு விலை. லண்டன் வரை சலுகையில் வந்த பை, எடின்பரோ போவதற்குள் தன் உண்மையான விலையைக் காட்டிவிடுகிறது. இரண்டு நிறுவன விமானங்களில் மாறிப் போகிறவர் இரண்டாவதன் விதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

13 கிலோ போக 23-இல் மிச்சம் 10 கிலோ. இந்த இடைவெளியில் சட்டை, ஸ்வெட்டர், மழைக் கோட்டு ஆகியவற்றைத் திணித்தால் இரண்டாவது பெட்டியின் கட்டணம் மிச்சம். மட்டைத் தலைகளுக்கு மெத்தையும் ஆயிற்று. ஆனால் சில நிறுவனங்களின் விதிப்புத்தகம் கோல்ஃப் பைக்குள் 14 மட்டை, 12 பந்து, ஒரு ஜோடி காலணி என்று எண்ணி வைத்திருக்கிறது. சட்டையைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சில்லாததால் அனுமதி உண்டு என்பது ஆட்டக்காரர் கட்சி. இல்லை என்பது கவுன்டர் கட்சி. எடைத் தட்டு 23-க்குள் நிற்கும்வரை இவ்வழக்கு விசாரணைக்கு வருவதில்லை.

தட்டு 23.6 காட்டும்போது நடப்பது தனி ஆய்வுக்குரியது. வரிசை பின்னால் நீண்டுகொண்டிருக்க, தரையில் பை கிடத்தப்பட்டு ஜிப் திறக்கப்படுகிறது. ஒரு பந்து சுமார் 46 கிராம். பதின்மூன்று பந்தை வெளியே எடுத்தால் கணக்கு நேராகிவிடும். கால்சட்டைப் பையில் நான்கு, கோட்டுப் பையில் ஐந்து, மனைவியின் கைப்பையில் நான்கு. (விதிப்படி பன்னிரண்டுதான் இருந்திருக்க வேண்டும், பதின்மூன்றாவது எப்படி வந்தது என்பது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) பந்தை விமானத்துக்குள் கையோடு கொண்டுபோகத் தடையில்லை, மட்டைக்கு உண்டு. இரண்டு மட்டைகள் வரை கையோடு அனுமதிக்கலாம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2013 மார்ச்சில் அறிவித்தது. அதே அறிவிப்பில் சிறு கத்திகளும் இருந்ததால் எதிர்ப்பு கிளம்பி, ஜூனில் எல்லாம் கைவிடப்பட்டது. கத்தியோடு சேர்ந்த மட்டையும் கெட்டது.

மிச்சம் பிடித்த பணம் உடைந்த மட்டைக்குப் போய்விடக் கூடாது. பை தலைகுப்புற விழும்போது அடி வாங்குவது எல்லாவற்றையும் விட நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்தான், அதுவும் கழுத்தில். அதைவிட நீளமான ஊன்றுகோல் ஒன்றைப் பைக்குள் நிறுத்திவிட்டால் விழுகிற அடியை அது வாங்கிக்கொள்ளும். பழைய துடைப்பக் கட்டையை அளவாக வெட்டிச் செருகினாலும் இதே பலன்தான். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. இப்போதைய டிரைவர்கள் பலவற்றில் தலையை ஒரு சின்ன ரெஞ்சால் கழற்றிவிடலாம். கழற்றிய தலைக்குக் கனத்த காலுறையைவிட நல்ல உறை கிடையாது.

காலுறை உத்திக்கு உயர்ந்த முன்மாதிரி உண்டு. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14-இல் சந்திரனுக்குப் போன ஆலன் ஷெப்பர்ட், ஆறாம் எண் இரும்பு மட்டையின் தலையை மட்டும் ஒரு காலுறைக்குள் வைத்து இரண்டு பந்துகளோடு எடுத்துப் போனார். மண் மாதிரி அள்ளும் கருவியின் பிடி ஏற்கெனவே அரசாங்கச் செலவில் பயணம் செய்துகொண்டிருந்தது. அங்கே போய் அதில் தலையை மாட்டிக்கொண்டார். விண்வெளி உடையின் விறைப்பில் ஒற்றைக் கையால்தான் அடிக்க முடிந்தது. பந்து மைல் கணக்கில் போனதாக அவர் அறிவித்தார். படங்களை வைத்து 2021-இல் அளந்தபோது முதல் பந்து 24 கஜம், இரண்டாவது 40 கஜம் என்று தெரிந்தது. போக்குவரத்துச் சிக்கனத்தில் இதை மிஞ்ச ஆளில்லை.

கூரியரில் முன்கூட்டி அனுப்புவோர் வேறொரு பாடம் கற்கிறார்கள்: காற்றுக்கும் கூலி உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் வருவது கனஅளவு எடை. இதுவும் நிஜ எடையும் ஒப்பிடப்பட்டு, எது அதிகமோ அதற்குத்தான் பில் வரும். 127×40×35 அளவுள்ள கடினப் பெட்டிக்கு இக்கணக்கில் சுமார் 36 கிலோ. அதே மட்டைகளை 122×30×30 அட்டைப்பெட்டியில் அடைத்தால் 22 கிலோ. உள்ளே இருப்பதோ 13-தான். பொரி மூட்டையைப் புளி மூட்டை விலைக்கு ஏற்றுவது போன்ற வியாபாரம் இது. 122 செ.மீ. என்பது 48 அங்குலம். அமெரிக்கக் கூரியர்களிடம் நீளம் அதைத் தாண்டினால் கூடுதல் கையாளும் கட்டணம் தனியாகச் சேரும். ஆகவே முதலில் பெட்டியைச் சுருக்க வேண்டும், பிறகுதான் பேரம். நாடு விட்டு நாடு போனால் சுங்கப் படிவம் வேறு. கையோடு கொண்டுபோகிறவருக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை.

ஜப்பானில் இந்தச் சிக்கல் எப்போதோ தீர்ந்துவிட்டது. யமாட்டோ நிறுவனம் 1984-லேயே கோல்ஃப் பைக்கென்று வீட்டுக்கு வந்து எடுத்துப்போகும் சேவையைத் தொடங்கியது. பை முன்னதாகவே மைதானம் போய்ச் சேரும். ஆட்டக்காரர் கையை வீசிக்கொண்டு ரயிலேறலாம்.

மூன்றாவது வழி கொண்டுபோகாமலே இருப்பது. ஒரு சுற்றுக்கு மட்டை வாடகை ‘வ’, ஆடப்போகும் சுற்றுகள் ‘ஆ’, போகவர சுமைகூலி ‘ச’ என்க. வ × ஆ, ச-வைவிடக் குறைவாக இருந்தால் வாடகையே லாபம். இரண்டு சுற்றுக்காகப் போகிறவருக்குப் பெரும்பாலும் இதுவே விடை. சூத்திரத்தில் அடங்காத உபரி லாபம் ஒன்றும் உண்டு: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், வாடகை மட்டையில் அந்தக் கோணல் கட்டணத்திலேயே அடக்கம்.

இத்தனைக்கும் பிறகு, பாதி மட்டைகளை வீட்டில் விட்டுச் செல்லலாம் என்ற யோசனையை மட்டும் ஆட்டக்காரர்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. 1916-இல் சிக் எவன்ஸ் ஏழே மட்டைகளோடு அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். அவர் எடுத்த 286 என்ற எண்ணிக்கை இருபது ஆண்டு முறியடிக்கப்படவில்லை. விதிப்புத்தகம் பதினான்குக்கு மேல் கூடாது என்கிறதே தவிர, குறைந்தது இத்தனை வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை.