சாவதற்கு அவசரப்படாதீர்கள்

கே: ஆசையாக 'எல்டன் ரிங்' வாங்கினேன். ஆரம்பித்ததுமே செத்துப்போகிறேன். எனக்கு விளையாடத் தெரியவில்லையா, விளையாட்டிலேயே கோளாறா?

ப: இரண்டும் இல்லை. முதலில் வரும் அந்தப் பல கைகள் ஒட்டிய ஜந்து உங்களைக் கொல்வதற்கென்றே நிறுத்தப்பட்டது. அதிசயமாக ஜெயித்தாலும் விடமாட்டார்கள். கீழே விழுந்து செத்தால்தான் கதை நகரும். 2022-ல் ஹிடெடகா மியாசாகி இயக்கத்தில் வெளிவந்த விளையாட்டு இது. அதன் பழங்கதையை எழுதித் தந்தவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். (பாத்திரங்களைத் தீர்த்துக்கட்டுவதில் பேர்போனவர். இப்போது பட்டியலில் நீங்களும்!)

செத்தபின் கண்விழிக்கும் குகையை விட்டு வெளியே வந்ததும் தங்கக் கவசக் குதிரைவீரன் ஒருவன் உலாத்துவான். வீரம் காட்டாமல் சுற்றிக்கொண்டு போங்கள். பிறகு ஆவிக்குதிரை ஒன்று கிடைக்கும். எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அங்கேதான்: எந்தத் திசையில் போனாலும் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை, கொல்வதோடு சரி.

சேர்த்த ரூன்கள் (அங்கே செல்லும் காசு) செத்த இடத்திலேயே கிடக்கும். எடுக்கப் போகும் வழியில் மறுபடி செத்தால் அத்தனையும் அம்பேல். 'ஈஸி' என்றொரு பொத்தானை மட்டும் தேடாதீர்கள். வைக்கவே இல்லை.