மிச்சக்காசு இயல்: காரியாபட்டி வட்டாரச் சிறார் நிதிக்கல்வி குறித்து ஓர் ஆராய்ச்சி

பொருளியல் நூல்கள் பணத்தின் கதையைப் பண்டமாற்றிலிருந்து தொடங்குகின்றன. இந்த ஆய்வு புளியிலிருந்து தொடங்குகிறது. அடுப்பில் குழம்பைக் கூட்டிவைத்த பிறகு வீட்டில் புளி இல்லை என்று தெரியவருகிறதே, காரியாபட்டிப் பக்கம் ஒரு பிள்ளையின் நிதிக்கல்வி அந்த நிமிடத்தில்தான் ஆரம்பமாகிறது என்பது நம் கருதுகோள்.

பாடமுறை வருமாறு. தாயார் இருபது ரூபாய்த் தாளைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவார். "அண்ணாச்சி கடையில பத்து ரூவாய்க்குப் புளி. மிச்சம் பத்து ரூவா. எண்ணி வாங்கிட்டு வா, வழியில பராக்குப் பாக்காத." வரவு செலவுத் திட்டமும் தணிக்கை விதியும் இதில் அடக்கம்.

மிச்சக்காசு யாருடையது? இத்துறையின் தீராத வழக்கு இது. முதல் போட்டவருக்கே மிச்சம் என்பது தாயர் கட்சி. நடந்தது யார் கால் என்பது பிள்ளையர் கட்சி. நடைமுறையில், ஒரு ரூபாய் குறைந்தால் கேட்பாரில்லை. இரண்டு குறைந்தால் முறைப்பு. ஐந்து குறைந்தால் அப்பா வரட்டும்.

இடையில் அண்ணாச்சியும் ஒரு பாடம் நடத்துகிறார். 2011 ஜூன் 30-ஓடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாமல் போயின. சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கம் மட்டும் போகவில்லை. அதே மிட்டாய்களைச் சேர்த்துவைத்து மறுநாள் பென்சில் கேட்டுப் பார்த்தால் அண்ணாச்சி சிரிப்பார். பென்சிலை எடுக்க மாட்டார். காசு மிட்டாயாகும், மிட்டாய் காசாகாது. நாணயமாற்றுக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது வங்கியியல். விருந்துக்கு வந்த மாமா கிளம்பும்போது பிள்ளை கையில் நூறு ரூபாயைத் திணிப்பார். பஸ் கண்ணுக்கு மறையுமுன் அம்மாவின் கை நீளும்: "குடு, பத்திரமா வைக்கிறேன்." பத்து வயதுக்கு மேற்பட்ட சிறார் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்கலாம் என்று 2014-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்தச் சுற்றறிக்கை அடுக்களை வரைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவின் கணக்கில் பணம் போடலாம். எடுக்க விண்ணப்பித்தால், "இதுவரைக்கும் தின்ன சோத்துக்குக் கணக்குப் பாப்போமா?" என்று பதில் வரும். பார்த்தால் பிள்ளைதான் பாக்கிக்காரன்.

மாதாமாதம் கைச்செலவுக்குக் கொடுத்துப் பழக்க வேண்டும் என்கிறார்கள் நகரத்து வல்லுநர்கள். அது மாதச் சம்பளக்காரருக்கு ஆன உபதேசம். இது மானாவாரிப் பூமி. மழை பெய்தால் பருத்தி, மிளகாய், குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். வருமானமே தேதி பார்த்து வராத ஊரில் பிள்ளைக்கு மட்டும் முதல் தேதி எங்கிருந்து வரும்? ஆகவே இங்கே பிள்ளைக்கு ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியைக் காட்டி, "இது ஒனக்கு" என்று விடுகிறார்கள். விருதுநகர், தூத்துக்குடிச் சீமைக்கு உரிய கன்னி ஆடு அடிக்கடி இரட்டைக்குட்டி போடும். சினைக்காலம் ஐந்து மாதம். இந்த வட்டி விகிதத்தை எந்த வங்கியும் பலகையில் எழுதிவைத்ததில்லை. நோய் வந்தால் முதலே செத்துப்போகும் என்பதையும் பிள்ளை அப்போதே கற்றுவிடும்.

இதன் உரிமைச் சட்டம் நுட்பமானது. விற்கும்வரை ஆடு பிள்ளையினது. விற்ற மறுநிமிடம் பணம் குடும்பத்தினது.

"அப்பத்தா, என் ஆடு வித்த காசு எங்க?"

"ஒன் காசுதான்யா. அந்தா, ஒன் அக்கா காதுல கெடக்கு பாரு."

இனி முதன்மைச் சான்றுக்கு வருவோம். காரியாபட்டியும் திருச்சுழிச் சட்டமன்றத் தொகுதிக்குள்தான் இருக்கிறது. அந்தத் திருச்சுழியில் 1879-இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, மிச்சக்காசு இயலின் தலைசிறந்த மாணவர். தகப்பனார் இறந்தபின் மதுரையில் சித்தப்பா வீட்டில் படித்துவந்தார். 1896 ஆகஸ்ட் 29 அன்று அண்ணன், தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டச் சொல்லி ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பதினாறு வயதுத் தம்பி அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குப் போக மூன்று ரூபாய் போதும் என்று மதிப்பிட்டார். மிச்சம் இரண்டு ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்தார். சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் அதில் குறித்தார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. வீட்டை விட்டு ஓடும்போதும் மிச்சத்தையும் கணக்கையும் ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளை, நமக்குத் தெரிந்தவரை இவர் ஒருவர்தான்.

மதிப்பீட்டில் மட்டும் சறுக்கல். பழைய அட்லஸ், விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே ரயிலில் போகலாம் என்பது அதில் இல்லை. அதன்படி கிட்டத்து நிலையமான திண்டிவனத்துக்குச் சீட்டு 2 ரூபாய் 13 அணா. மிச்சம் மூன்றே அணா. அதில் அரை அணா பேரிக்காய்க்குப் போயிற்று. வழியில் விவரம் தெரிந்து விழுப்புரத்திலேயே இறங்கினார். அங்கே சோறு போட்ட ஓட்டல்காரர் வாங்க மறுத்ததால் காசு தப்பியது. அதை வைத்து மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. கீழூரில், இருபது ரூபாய் பெறுமானக் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்தார். இருபது பெறும் பொருளுக்கு நான்கே வாங்குவது அடகு சாத்திரத்தில் மட்டமான பேரம். ஆனால் மீட்கும் எண்ணம் இல்லாதவருக்கு அந்தச் சாத்திரம் பொருந்தாது. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்து, எஞ்சிய காசை அய்யங்குளத்தில் வீசினார். நிதிக்கல்வி பெற்றவர் சேமிப்பாளராவார் என்ற பிரபலக் கோட்பாடு அந்தக் குளத்தில்தான் முழுகிக் கிடக்கிறது.

இத்துறைக்கு இப்போது சோதனைக்காலம். 2016-இல் யுபிஐ வந்தது. "அண்ணாச்சிக்கு ஜிபே பண்ணிட்டேன், சாமானை மட்டும் வாங்கிட்டு வா" என்கிறார் அம்மா. பிள்ளை வெறுங்கையோடு போகிறது, பையோடு திரும்புகிறது. காசு கண்ணில் படுவதே இல்லை. தாய்மாரே, வாரத்துக்கு ஒரு தடவையாவது ரொக்கம் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு ரூபாய் குறைந்தால் முறைப்போடு விட்டுவிடுங்கள். அப்பா வரைக்கும் கொண்டுபோக வேண்டாம்.