சேர்க்கப் போறியா மருமோன்?

வா மருமோன், இந்த வாங்கில இரு. கம்பசுக்குப் போறன் எண்டு வெளிக்கிட்டுப் போய், செங்கலடிச் சந்தியில பழைய டிவி கேம் கிடக்கா எண்டு கடை கடையா விசாரிக்கிறியாம். கொம்மா வந்து ஒரே அழுகை. "தங்கச்சி, பொடியன் சாராயமா தேடுறான்? கேம்தானே, விடு" எண்டு சொல்லி அனுப்பினன். மறுகாதான் யோசிச்சன். சாராயம் எண்டா ஒரு போத்தலோட ஆள் படுத்திருவான். இந்த வியாதிக்காரன் படுக்கமாட்டான், விடிய விடியத் தேடுவான். அதுதான் நாலு நல்ல புத்தி சொல்லுவம் எண்டு கூப்பிட்டன். மாமன் கண்டது வட்டையும் மாடும்தான் எண்டு நினையாத. கட்டாரில இருந்து உன்ட மச்சான் போன் எடுத்தா நான் கேக்கிறதே இந்தக் கதையளைத்தான்.

பேர் எடுக்க ஆசையெண்டா கண்ணில பட்டதெல்லாத்தையும் வாங்கு. அமெரிக்காவில மைக்கல் தொமசன் எண்டு ஒருத்தர் அப்பிடித்தான் வாங்கினார். 10,607 கேம் எண்டு கின்னஸ் புத்தகத்திலயும் ஏறினார். 2014 இல அவ்வளவையும் ஏலத்தில போட்டார். 7,50,250 டொலர் வரைக்கும் கேள்வி போச்சு. ஏன் வித்தவர் எண்டு கேளன்? குடும்பத்துக்குக் காசு தேவையாம். அதுக்கு முதலும் 1998 இல கலியாணச் செலவுக்கெண்டு ஒருக்காச் சேர்த்ததை வித்தவர்தான். கலியாணமும் கேமும் ஒரு வீட்டில இருக்கிறது கஷ்டம் எண்டு அந்த மனிசனே காட்டிப்போட்டார்.

அவருக்காவது அடுக்கி வைக்க வீடு இருந்திச்சு. உனக்கு? நம்மட பக்கத்து வழமை தெரியும்தானே. வீடு பொம்புளைப் புள்ளைக்குச் சீதனம். நீ முடிச்சா போய் இருக்கப்போறது பொண்டாட்டி வீட்டில. மாமிக்காரி ஆலாத்தித் தட்டோட வாசலில நிக்கக்குள்ள, பின்னால உழவு மெசின் பெட்டி நிறையக் கேமும் வயரும் வந்து இறங்கினா அந்த மனிசி என்ன சொல்லும்? ஆனபடியா ஒரு அலுமாரிக்கு மேல போகாத. அலுமாரி நிறைஞ்சா, புதிசு ஒண்டு வாங்க முதல் பழசு ஒண்டை வில்லு. இது மட்டும் பகிடி இல்ல, மெய்யாத்தான் சொல்லுறன்.

இல்ல மாமா, நான் காசு பாக்கத்தான் சேர்க்கிறன் எண்டு சொல்லுறியா? நல்லது மனே. அப்ப வாங்கின பெட்டியைத் திறந்திராத. மேலால சுத்தின பொலித்தீனைக் கூடக் கிழிச்சிராத. 2021 ஆடி மாசம் அப்பிடித் திறக்காத சூப்பர் மாரியோ 64 ஒண்டு ஏலத்தில 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போச்சு. அருமையான சாமானோ எண்டு கேளாத. உலகத்தில ஒரு கோடிக்கு மேல வித்த கேம் அது. வாங்கினவங்கள் எல்லாரும் பெட்டியை உடைச்சு விளையாடினாங்கள். ஒருத்தன் மட்டும் சும்மா வெச்சிருந்தான், அவன் கெட்டிக்காரன் ஆயிற்றான். எருமைத் தயிர் முட்டியை வாய் கட்டின கட்டோட உறியில தூக்கி வெச்சு, பேரப்புள்ளைக்கு விலையைச் சொல்லிக் குடுக்கிற மாதிரி ஒரு சீவியம். உனக்கு அந்தப் பொறுமை இருந்தா வாழ்த்துறன். ஆனா அந்த விலை நாளைக்கும் நிக்கும் எண்டு ஏலக்காரனும் எழுதித் தரமாட்டான்.

புதைச்சும் பாக்கலாம். அதையும் செய்தவங்கள் இருக்கிறாங்கள். அட்டாரி எண்ட கம்பனி 1982 இல ஈ.ரி. எண்ட படத்துக்கு ஒரு கேமை அஞ்சாறு கிழமைக்குள்ள அவசரமாச் செய்வித்து, நத்தாருக்கு இறக்கிச்சு. மலையளவு மிஞ்சிப்போச்சு. அடுத்த வருசம் நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில, அலமகோர்டோ எண்ட ஊர்க் குப்பைக் கிடங்கில, மிஞ்சின மற்றக் கேமுகளோட சேர்த்துக் கொட்டிப் புதைச்சாங்கள். 2014 சித்திரையில ஆளுகள் போய்த் தோண்டி எடுத்தாங்கள். ஊர்ச் சபை அந்த மண் பிடிச்ச கேமுகளையே ஏலத்தில வித்து இலட்சம் டொலருக்கு மேல பாத்திச்சு. விளையாட ஏலாத கேம், அதுவும் குப்பைக்குள்ள கிடந்தது. சேர்க்கிறவன்ட மனசு எப்பிடி ஓடும் எண்டு விளங்குதா?

சரி, நீ என்னத்தைத் தேடுறாய்? சப்பான் ஃபமிகொம் எண்ட கேம் மெசினா? வாங்கு. 1983 இல வந்தது, வடிவான சாமான். செய்த நின்டெண்டோ 1889 இல கியோட்டோவில சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கின கம்பனி எண்டும் தெரிஞ்சுகொள். கொப்பன் சீட்டில முன்னூற்றி நாலு விளையாடினா ஏசுற கொம்மாவுக்கு இதைச் சொல்லிராத. வந்த உடனே கொண்டுபோய்ச் சுவரில குத்து. சப்பானில கரண்ட் 100 வோல்ட், நம்மட வீட்டில 230. ஒரு சின்னப் புகை வரும், ஒரு மணம் வரும், உன்ட சேகரிப்பு அண்டைக்கே ஆரம்பிச்சு அண்டைக்கே முடியும். அப்பிடி முடியக்கூடாது எண்டா, இறக்குற ட்ரான்ஸ்போமர் ஒண்டு வாங்கு, இல்லாட்டி நம்மட வோல்ட்டுக்குச் சரியான அடப்டர் எடு. அடப்டரில நடுக்கம்பி பொசிட்டிவா நெகட்டிவா எண்டு சின்னப் படம் போட்டிருக்கும். கண்ணாடியைப் போட்டுப் பார். அந்த ஃபமிகொம்முக்கு நடுவில நெகட்டிவ். டிவிப் பட முறையும் அப்பிடித்தான், அவன்ட என்ரிஎஸ்சி, நம்மட பால். பழைய டிவி சிலதில படம் கறுப்பு வெள்ளையா ஓடும். பழசுக்குப் பழசு பொருத்தமா இருக்கும், கவலைப்படாத.

கசற் வேலை செய்யாட்டி வாயால ஊது. எல்லாரும் ஊதினம், உலகமே ஊதிச்சு. நின்டெண்டோக்காரனே ஊதாத எண்டு சொன்னவன். எச்சில் ஈரம் செம்புத் தகட்டை அரிக்குமாம். அவன் சொன்னதுக்கு நாம எப்ப கேட்டம்? மெய்யான மருந்து பாமசியில இருக்கு. ஐசோபுறொப்பைல் அல்ககோல் எண்டு கேட்டு வாங்கி, காதுப் பஞ்சில தொட்டுத் துடை. காத்தோட வாற களுவன்கேணி உப்பும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தா, நீ ஊதாமலே அரிக்கும். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா பக்கற்றை எறியாத, கேமுக்குள்ள போடு. மெசினுக்குள்ள பல்லி முட்டை போடும், எறும்பு குடியேறும். கிழமைக்கு ஒருக்கா எடுத்து ஓட்டினா ஒண்டும் அண்டாது. நிலத்தில மட்டும் வைக்காத. 2011 தை வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கு.

கசற்றுக்குள்ள பற்றரி இருக்கிறதும் உனக்குத் தெரியாது போல. செல்டா, போக்கிமொன் மாதிரிக் கேமுகளில நீ எந்த இடத்தில விட்டாய் எண்டதை ஒரு வட்டப் பற்றரிதான் ஞாபகம் வெச்சிருக்கும். சிஆர்2032 போல ஒண்டு. பதினஞ்சு இருவது வருசத்தில அது செத்துப்போகும், அதோட உன்ட வெற்றியெல்லாம் போகும். இப்ப கடையில லேசா வாங்கலாம். சண்டைக் காலத்தில படுவான்கரைக்கு ஒரு டோர்ச் பற்றரி கொண்டுபோறதெண்டா கறுத்தப்பாலத்துச் சோதனையில பையைக் கொட்டிக் காட்ட வேணும். அந்தக் காலத்தில ஆரும் செல்டா விளையாடல்ல மனே.

என்னத்தை விளையாடினம் எண்டு கேளு, அங்கதான் விசயம் கிடக்கு. உள்ளங்கையில வெச்சு விளையாடுற பிரிக் கேம். பெட்டியில 9999 கேம் எண்டு போட்டிருக்கும், உள்ளுக்க டெட்ரிஸ். 1984 இல மொஸ்கோவில அலெக்ஸி பாஜித்னோவ் எண்டவர் உண்டாக்கினது. அவர்ட பேரும் இல்ல, கம்பனிட பேரும் இல்ல, நம்மட கையில வந்து சேர்ந்திச்சு. மறுகா மஞ்சள் கசற் போடுற டிவி கேம். ஃபமிகொம்மைப் பாத்து அடிச்ச மைக்ரோ ஜீனியஸ் போலச் சாமானுகள். கோடிக்கணக்கில கேம் எண்டு எழுதியிருப்பான், எண்ணிப் பாத்தா முப்பதோ நாப்பதோ. அதே மாரியோவுக்குப் பேரை மாத்தி மாத்திப் போட்டிருப்பான். அதுக்கும் பிறகு பிளேஸ்டேஷன் டூ, போட்டோக்கொப்பி அடிச்ச அட்டையோட கொப்பி டிஸ்க்.

அசலைச் சப்பான்காரன் பாப்பான், அமெரிக்காக்காரன் பெட்டியில பூட்டி வைப்பான். அவங்களே ஒழுங்காப் பாக்கல்ல. 2010க்கு முதல் அமெரிக்காவில வந்த கேமுகளில 87 வீதம் இப்ப கடையில வாங்க ஏலாது எண்டு 2023 இல அங்கத்த ஆளுகளே ஆராய்ஞ்சு சொன்னாங்கள். அப்ப நம்மட போலிச் சரக்கை ஆர் பாக்கிறது? மஞ்சள் கசற்றை எந்த ஏலக்காரனும் தொடமாட்டான். ஆனா வந்தாறுமூலைப் பொடியன் விளையாடின சாமான் அதுதான். நீ சேர்க்கிறதெண்டா அதைச் சேர். விலையும் குறைவு, போட்டிக்கும் ஆளில்ல, கொம்மாவும் அழமாட்டா. எந்தக் கடையில, எந்த வருசம், ஆர் வாங்கினது எண்டு ஒரு கொப்பியில எழுதி வை. அட்டையில கடைக்காரன் பேனையால எழுதின விலையை அழிச்சிராத.

ஆசைக்கு அசலும் ரெண்டு மூண்டு வாங்கு, தடையில்ல. ஏமாறாம வாங்கு. கேம்போய் அட்வான்ஸ் கசற் எண்டா லேபிளைச் சரிச்சுப் பிடி, அசலெண்டா ரெண்டு எழுத்தோ இலக்கமோ அமத்தின அடையாளம் மெல்லிசாத் தெரியும். முதலாவது பிளேஸ்டேஷன் டிஸ்க் எண்டா அடி கறுப்பா இருக்கும்.

டவுன்லோட் பண்ணிச் சேர்க்கலாமே எண்டு நினைக்கிறாய், முகத்தில தெரியுது. நின்டெண்டோ தன்ட 3டிஎஸ், வீ யூ மெசினுகளுக்கு இருந்த இணையக் கடையை 2023 பங்குனியில பூட்டிற்று. த குரூ எண்ட காரோட்டக் கேமை 2024 பங்குனி கடைசியில யூபிசொஃப்ட் நிப்பாட்டிச்சு, காசு குடுத்து வாங்கினவனும் ஓட்ட ஏலாது. அந்தக் குத்தகை எனக்கு விளங்கும். போடியார்ட காணியில நெல்லு விளைஞ்சாலும் காணி போடியார்டதான்.

இன்னொண்டு. டக் ஹன்ட் எண்ட தாரா சுடுற கேம் வாங்காம இருக்கமாட்டாய், எனக்குத் தெரியும். துவக்கும் வாங்குவாய். கொண்டுபோய் வீட்டுத் தட்டை டிவிக்கு நேரே பிடிச்சுச் சுடு. ஒரு தாராவும் விழாது, அந்த நாய் எழும்பி உன்னைப் பாத்துச் சிரிக்கும். அந்தத் துவக்கு, விசையை அமத்தின உடனே பழைய பெட்டி டிவியில தாரா நிக்கிற இடம் ஒரு கணம் வெள்ளையா மின்னுற வெளிச்சத்தைப் பிடிச்சுத்தான் குறி சரியா பிழையா எண்டு சொல்லும். தட்டை டிவியில அந்த வெளிச்சம் பிந்தித்தான் வரும். பெட்டி டிவி இப்ப எங்கயும் இல்ல. ஊரில எல்லாரும் தட்டை டிவி வாங்கிப்போட்டு, பழசை எறியக்குள்ள "என்னத்துக்கு எறியிறீங்க, தாங்க" எண்டு கேட்டு வாங்கி, நெல்லு மூட்டைக்குப் பின்னால அடுக்கி வெச்ச ஒரு கிழவன் மட்டும்தான் வெச்சிருக்கான். அவன்ட கையில இப்ப ஏழு கிடக்கு. மூண்டு ஓடும், நாலு ஓட வைக்கலாம்.

மருமோன் எண்டபடியா உனக்கு விலை கொஞ்சம் குறைப்பன். காசைக் கொண்டா, மறுகா கதைப்பம்.