வடவாற்றுக்கு வந்த பதவி உயர்வு

வடவாறு என்பது பெயருக்குத்தான் ஆறு. அதற்கென்று மலையும் இல்லை, சுனையும் இல்லை. மேட்டூரில் திறந்த காவிரி, முக்கொம்பிலோ கல்லணையிலோ கொள்ளிடத்துக்குத் திரும்பி, அணைக்கரையில் உள்ள கீழணையில் வந்து தேங்கும். அதில் ஒரு பங்கை வடக்கே கொண்டுபோய், 10ஆம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய வீராணம் ஏரியில் சேர்ப்பதுதான் வடவாற்றின் உத்தியோகம்.

காட்டுமன்னார்கோவில் பக்கத்துப் பையன்களான எங்களுக்கு அதுவே குளியலறை, அதுவே நீச்சல் பள்ளி. கட்டணம் கிடையாது. நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் வந்தால், எந்த மதகை எப்போது திறப்பார்கள் என்பதே பெரியவர்களின் பேச்சு. கோடையில் ஏரி வற்றினால் பாதி மாட்டுக்கு, மீதி எங்கள் பந்து விளையாட்டுக்கு.

1970களில் வீராணம் நீரைச் சென்னைக்குக் கொண்டுபோகிறோம் என்று ராட்சதக் குழாய்களைச் சாலையோரம் இறக்கினார்கள். அவற்றில் தண்ணீர் போகவில்லை. வீடில்லாத குடும்பங்கள் குடிபோயின. யாரும் திட்டமிடாமலே நிறைவேறிய வீட்டு வசதித் திட்டம் அது.

2004இல் புதிய வீராணம் திட்டம் வந்தது. நாளுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுபோகும் குழாய் அது. தண்ணீர் நிஜமாகவே போனது. பின்னாலேயே நானும் பிழைப்புக்குச் சென்னை வந்தேன். சும்மா குதித்துக் குளித்த தண்ணீருக்கு இப்போது வரி கட்டி, வாளியில் பிடித்துக் குளிக்கிறேன். செய்திகளில் மதகைப் பற்றிப் பேச்சில்லை. மொத்த மட்டமான 47.5 அடியில் இன்று எத்தனை அடி, சென்னைக்கு எத்தனை நாள் தாங்கும் என்பதே கணக்கு. ஏரி நிரம்பினால் ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்கிறார்: "ஏரி ரொம்பிடுச்சிப்பா, ஒங்களுக்கு இனிமே கவலையில்ல." முன்பெல்லாம் "நமக்கு" என்பார்.

ஒன்று மட்டும் மாறவில்லை. மேற்கே அரியலூர்ப் பக்கமிருந்து செங்கால் ஓடை முதலான ஓடைகள் மழைக்கு மழை வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஏரியின் ஆழம் குறைகிறது. தூர்வாரச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சென்னைவாசிகளே, அடுத்த மனுவில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். தண்ணீர் வரி கட்டுகிறவருக்கு அந்த உரிமை உண்டு.